இரண்டாம் ஓலையும் அழுத்தக் காற்றும்

நடந்தவை, வரிசைப்படி:

1. என் மாமா தன்னுடைய பெயின்ட்பால் மைதானத்தில் சி.ஓ.டூ வாயுவை விட்டுவிட்டு அழுத்தக் காற்றுக்கு மாறுவதென்று முடிவு செய்தார்.
2. அப்படி மாறினால் துப்பாக்கிகளில் புதுப் பாகங்கள் போட வேண்டுமா என்று என்னைக் கேட்டார்.
3. நான் ஒன்றைக் கழற்றிப் பார்த்து, படித்தும் பார்த்து, வேண்டாம் என்றேன்.
4. அந்தப் பதில் சரி. இன்றைக்கும் சரி.
5. காற்று ஏற்றிய பிறகு குண்டு போகும் வேகத்தை அளந்து பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.
6. சனிக்கிழமை சாயங்காலம் நான் சுட்ட குண்டு என் தங்கையின் கழுத்தில் பட்டது.
7. மறுநாள் காலை கோயிலில் அவளுடைய இரண்டாம் ஓலை வாசித்தார்கள்.
8. பூசை முடிந்ததும் அவளுடைய வருங்கால மாமியார் அவள் கழுத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். பிறகு என்னையும் கேட்டார்.
9. அன்றைக்கு மத்தியானமே, மூன்றாம் ஓலை வாசிக்கப்படுமா என்பது சந்தேகமாகிவிட்டது.

எட்டாவதில் நான் சொன்ன பதிலையும் இங்கேயே எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை. அதன் இடம் வரும்போது எழுதுகிறேன்.

ஓலை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசையில், பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் படிப்பார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்திருந்தால் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொள்வார்கள். யாரும் போய் எதுவும் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த மூன்று வாரமும் பெண் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

மாமா என் அம்மாவின் தம்பி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். பென்ஷன் வாங்கிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார். சும்மா உட்கார முடியாமல், அரியாங்குப்பம் தாண்டி ஒரு தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்து, சாயக் குண்டால் ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடும் பெயின்ட்பால் மைதானம் ஆக்கினார். ஒளிந்துகொள்ள டயர் அடுக்குகள், தார் டிரம்கள், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் உடைந்து கிடந்த ஃபைபர் படகுகள். படகுகளைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனி ஞாயிறு வருகிறவர்கள் அதன் பின்னால் குனிந்து குனிந்து ஓடுவார்கள்.

அவர்கள் கையில் இருப்பதை அவர் மட்டும் துப்பாக்கி என்று சொல்லவே மாட்டார். "நான் கையில வச்சிருந்தது துப்பாக்கி. இது லான்சர்" என்பார். சாய உருண்டையை எறிகிற கருவி, அவ்வளவுதான். எனக்குத் துப்பாக்கி என்றுதான் வருகிறது.

சி.ஓ.டூவில் அவருக்கு இரண்டு தொல்லை. வாயு கொண்டுவருகிற ஆள் சோடாக் கம்பெனிக்கும் வெல்டிங் பட்டறைக்கும் கொடுத்தது போகத்தான் இவருக்குத் தருவார். இரண்டாவது, பாட்டிலுக்குள் வாயு திரவமாக இருக்கிறது. தொடர்ந்து சுட்டால் பாட்டில் சில்லிட்டு வெளியே வெண்பனி பூத்துவிடும். ரப்பர் வளையம் விறைத்து உஸ்ஸென்று கசியும். குண்டு தூரம் போகாது. காசு கொடுத்து விளையாட வந்தவன் கத்துவான்.

அழுத்தக் காற்றுக்கு அவர் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருந்தது. தேங்காய்த்திட்டிலிருந்து படகில் ஆட்களைக் கூட்டிப்போய்க் கடலுக்கடியில் முக்குளிக்க வைக்கிற ஒரு கடை இருக்கிறது. முதுகில் மாட்டும் உருளைகளுக்குக் காற்றேற்ற அவர்களிடம் பெரிய கம்ப்ரசர் உண்டு. கடைக்காரரோடு மாமா பிரெஞ்சில் பேசிப் பேசியே நட்பாகிவிட்டார்.

"மனுசன் மூச்சு விட ஏத்துற காத்து ம்மா. சாயக் குண்டுக்கு ஒத்துக்காதா?" என்றார்.

பெங்களூரில் சாமான் விற்கிற ஒருவர் மட்டும், ஒத்துக்கொள்ளாது, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் புது வால்வு, புது ஸ்பிரிங், தனி ரெகுலேட்டர் என்று ஒரு தொகுப்பு வாங்கிப் போட வேண்டும் என்றிருக்கிறார். மாமாவுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் என்னிடம் வந்தார்.

"நீ பாத்து சொல்லு. நீ சொன்னா நான் கேட்டுக்குறேன். அந்த ஆளு விக்கிறவன், நீ படிச்சவ."

நான் கருவியியல் படித்தவள். சேதராப்பட்டில் ஓர் ஆலையில் வேலை. அழுத்தமானி, வெப்பமானி, எடைக் கருவி எல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்து ஸ்டிக்கர் ஒட்டுவது என் பொறுப்பு. என் ஸ்டிக்கர் இல்லாத மீட்டரை எங்கள் ஆலையில் யாரும் நம்ப மாட்டார்கள். நம்ப விடவும் மாட்டேன். ஊசி அசையாமல் நிற்கிறதே, சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு ஷிப்ட் பொறுப்பாளர் சொன்னதற்கு, அவர் முகம் சுருங்கும்படி பேசியிருக்கிறேன். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

துப்பாக்கியைச் சமையலறை மேடையில் பழைய துண்டை விரித்துக் கழற்றினேன். அம்மா காப்பிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார். நான் பார்த்துக்கொண்டது இவை. பாட்டில் மாட்டும் மரை சி.ஓ.டூவுக்கும் காற்றுக்கும் ஒன்றுதான். சி.ஓ.டூவின் அழுத்தம் வெயிலுக்கு ஏறும், குளிருக்கு இறங்கும். காற்றுப் பாட்டிலின் கழுத்திலேயே ரெகுலேட்டர் இருப்பதால் வெளியே வரும் அழுத்தம் ஒரே சீராக இருக்கும், அதுவும் எங்கள் ஊர் வெயிலில் சி.ஓ.டூ போகிற உயரத்துக்குப் போகாது. அதைத் தாங்கிய வால்வும் ரப்பரும் இதைத் தாராளமாகத் தாங்கும். காற்றில் மட்டுமே ஓடும்படி செய்த நுட்பமான துப்பாக்கிக்கு சி.ஓ.டூ ஆகாது என்பது உண்மை. சி.ஓ.டூவில் ஓடிய முரட்டுத் துப்பாக்கிக்குக் காற்று ஆகாது என்பது உண்மையில்லை. பெங்களூர்க்காரர் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். அல்லது விற்பதற்காகச் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் ஏழு வரியாகத் தட்டி மாமாவுக்கு அனுப்பினேன். அவர் அதைச் சொந்தக்காரர்கள் இருக்கும் குழுவில் போட்டார். பாரிசிலிருக்கும் பெரியம்மா கைதட்டும் படங்கள் அனுப்பினார். யாரோ "எங்க வீட்டு சயின்டிஸ்ட்" என்று எழுதினார்கள். நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன்.

எட்டாவது வரி ஒன்று இருந்திருக்க வேண்டும். எந்த வாயு மாற்றினாலும் வேகத்தை அளந்து, திருகைச் சரிசெய்துவிட்டுத்தான் ஆள் மேல் சுட வேண்டும்.

துப்பாக்கியின் பின்பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. உள்ளே திருகினால் வேகம் கூடும். மாமாவிடம் வேகமானியும் இருக்கிறது. குழல் முனையை அதன் முன்னால் வைத்துச் சுட்டால் நொடிக்கு எத்தனை அடி என்று காட்டும். அவர் மைதானத்தில் எல்லை இருநூற்றெண்பது. சனிக்கிழமை நான் போனபோது வேகமானிக்கு பேட்டரி தீர்ந்திருந்தது. அரியாங்குப்பம் வரை வண்டியில் போனால் பேட்டரி கிடைக்கும். போகவில்லை. அழுத்தம் முன்னைவிடக் குறைவு, ஆகவே வேகமும் குறைவாகத்தான் இருக்கும் என்று மனதில் கணக்குப் போட்டேன். ஊசி அசையாமல் நிற்கிறதே என்று அந்தப் பொறுப்பாளர் சொன்னாரே, அதுதான் இது.

கணக்கில் பிழையில்லை. திருகு முதலில் இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் அது சரியாக வந்திருக்கும். பாட்டில் சில்லிட்டுக் குண்டு தூரம் போகாத மத்தியானங்களில் மாமா ஒவ்வொரு சுற்றாகத் திருகியிருக்கிறார். குளிர்ந்த சி.ஓ.டூவுக்குத் திருகி வைத்த துப்பாக்கியில், சீரான காற்றைக் கொண்டுவந்து மாட்டினேன்.

தங்கை கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்றைக்குக் காலை ஷிப்ட் முடித்து நேரே தோப்புக்கு வந்துவிட்டாள். வந்திருக்கக் கூடாது. ஓலை விழ ஆரம்பித்துவிட்டால் பெண் வெயிலில் அலையக் கூடாது என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியிருந்தார். எங்கள் இருவருக்கும் இப்போதே அவர் அத்தைதான். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

"ஒரே ஒரு ஆட்டம்க்கா. அப்புறம் புடவையிலதான் ஓடணும்" என்றாள். முகமூடியை மாட்டிக்கொண்டே, "மெதுவாப் படும்னு சொன்னியே, நிஜந்தானா?" என்று கேட்டாள்.

"முன்னவிட மெதுவாத்தான் படும். கணக்குப் போட்டாச்சு."

"உன் கணக்கு என்மேல படாம இருந்தா சரி."

எங்கள் குழுவுக்கு மஞ்சள் குண்டு, அவள் குழுவுக்கு நீலம். அவள் கவிழ்ந்த படகின் பின்னால் இருந்தாள். நான் தென்னை மரத்துக்குப் பின்னால். அவள் தலையைத் திருப்பி வேறு பக்கம் எட்டிப் பார்த்த நேரத்தில் சுட்டேன். முகமூடி முடிகிற இடத்துக்குக் கீழே, காதுக்கடியில் பட்டது. மஞ்சள் சாயம் காலருக்குள் வழிந்தது. முதலில் சிரித்தாள். அப்புறம் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமா ஓடிவந்தார். "அலே, அலே, கைய எடு, காட்டு." சாயத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "என்ன ம்மா இது, பலமா அடிச்சிருக்கே."

"கிட்டத்துல பட்டுருச்சு மாமா. அதான்" என்றேன்.

கிட்டத்தில்தான் பட்டது. அது பொய்யில்லை. ஆனால் சுட்ட சத்தம் வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்ததை நான் கேட்டிருந்தேன். துப்பாக்கியை மேசைமேல் வைக்கும்போது திருகைப் பார்த்தேன். அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதென்று தெரிந்தது. மாமாவிடம் அதைக் காட்டவில்லை.

காலையில் அந்த இடம் கன்றிப்போயிருந்தது. சாயக் குண்டு விட்டுப்போகிற காயம் வட்டமாக இருக்கும். ஓரம் ஊதாவாகவும் நடு வெளுத்தும். கழுத்தில், காதுக்குக் கீழே, கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணுக்கு அப்படி ஒரு வட்டம் இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தங்கை கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஐயோ, போச்சு" என்றாள். பவுடர் போட்டாள். அது சாம்பல் பூசினது போல ஆயிற்று. கழுவிவிட்டு முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கோயிலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. சாமியார் ஓலை வாசித்தார், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். தங்கை என் விரலைப் பிடித்துக்கொண்டாள். நற்கருணை வாங்க வரிசையில் போகும்போது பக்கத் தூணருகே நின்ற பெரிய மின்விசிறி அவள் முக்காட்டைத் தூக்கிவிட்டது. இரண்டு கைகளையும் கூப்பியிருந்ததால் அவளால் பிடிக்க முடியவில்லை. அத்தை அதே வரிசையில் அவளுக்கு அடுத்தாற்போல் நின்றிருந்தார்.

வெளியே வேப்பமர நிழலில் அத்தை வந்து நின்றார். சத்தமாகப் பேசவில்லை.

"என்னம்மா அது, கழுத்துல?"

"கொசு அத்தை. சொறிஞ்சிட்டேன்" என்றாள் தங்கை. தோப்புக்குப் போனதை மறைக்க, வாயில் வந்தது அது.

அத்தை என்னைப் பார்த்தார். "அப்படியா?"

எனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி மாமா, ஓய்வு பெற்ற இன்னொரு சொல்தாவிடம், "ஒரு பார்ட் மாத்தல. என் அக்கா பொண்ணு ஒரே பார்வையில சொல்லிட்டா. பெங்களூர்க்காரன் வாயடைச்சுப் போயிட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"ஆமா அத்தை. எங்க உப்பளத்துல வாய்க்கால் இருக்குல்ல, கொசு ஜாஸ்தி" என்றேன்.

இதுதான் எட்டாவதில் நான் எழுதாமல் விட்டது.

அத்தை சிரிக்கவில்லை. "உப்பளத்துக் கொசு இவ்ளோ பெரிசா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

மத்தியானம் அத்தையிடமிருந்து அம்மாவுக்கு போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நாங்களும் கேட்டோம். நலம் விசாரித்துவிட்டு, "பையன் ரெண்டு வாரமா சென்னையிலதான் இருக்கான். இந்தப் பக்கமே வரல" என்றார். "நான் யாரையும் ஒன்னும் சொல்லல. மூணாவது ஓலைய மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டா என்னன்னு சாமியார்கிட்ட கேக்கலாம்னு பாக்குறேன்."

அம்மா போனை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். தங்கை அழாமல் முழுவதும் சொன்னாள். அம்மா உடனே திரும்பக் கூப்பிட்டு, கொசுவும் இல்லை, ஒன்றுமில்லை, விளையாடப் போய் சாயக் குண்டு பட்டது என்றார்.

"காலைல கொசு. மத்தியானம் குண்டு. சாயங்காலம் என்ன சம்பந்தி?"

மாப்பிள்ளைக்கு முந்தின நாளே தெரியும். தங்கை போனில் சொல்லியிருந்தாள். அவரும் தன் அம்மாவிடம் பேசினார். "அவ உனக்கு என்ன சொன்னாளோ அதத்தான் நீ எனக்குச் சொல்ற" என்று பதில் வந்ததாம். முதலில் சொன்ன பொய் பின்னால் வந்த உண்மையை நம்ப முடியாததாக்கிவிட்டது.

தங்கை கட்டிலில் உட்கார்ந்து ஐஸ் துணியைக் கழுத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்ன பொய்க்கு நான் பாத்துக்குறேன்க்கா. ஆனா அவங்க உன்னக் கேட்டாங்க பாரு. நீ பொய் சொல்ல மாட்டேன்னு நம்பிக் கேட்டாங்க. அவங்க வீட்ல உனக்கு அப்படி ஒரு பேரு. நீ ஏன் அப்படிச் சொன்ன?"

"உனக்காகத்தான்டி" என்றேன்.

"எனக்காகவா" என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை. துணியை மடித்து வேறு பக்கம் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து, பேட்டரி வாங்கிக்கொண்டு தோப்புக்குப் போனேன். நான் சுட்ட துப்பாக்கியை அப்படியே, எதையும் தொடாமல், வேகமானி முன்னால் வைத்துச் சுட்டேன். முந்நூற்றிருபதுக்கு மேல். திரும்பச் சுட்டாலும் அதே. காற்று சீரானது, ஏமாற்றாது. மற்றவற்றையும் பார்த்தேன். பாதிக்கு மேல் எல்லையைத் தாண்டியிருந்தன. அந்தச் சனிக்கிழமைக்கும் திங்களுக்கும் நடுவில் ஞாயிறு சாயங்காலம் ஒரு கல்லூரிக் கூட்டம் வந்து விளையாடிப்போயிருந்தது. யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று மாமா சொன்னார்.

மாமா வேகமானியின் எண்ணையும் திருகையும் மாறி மாறிப் பார்த்தார். "நான்தான் ம்மா திருகுனேன். மத்தியானத்துல குண்டு போய்ச் சேர மாட்டேங்குதுன்னு. அப்ப தப்பு என்னுதுதானே?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. வாய் வரைக்கும் வந்தது. அவரும் அந்தச் சாக்கை மனப்பூர்வமாகத்தான் கொடுத்தார்.

"அளந்து பாக்க வேண்டியது என் வேலை மாமா. நான் பாக்கல."

"பாத்துட்டேன்னு நெனச்சேன்" என்றார். கடிந்துகொள்ளவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மறுநாள் நெல்லித்தோப்பில் அத்தை வீட்டுக்குத் தனியாகப் போனேன். அத்தை பின்கட்டில் முக்காலி போட்டு இறால் உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். கையை நிறுத்தவில்லை. நான் ஆரம்பித்தேன். சி.ஓ.டூ பாட்டிலுக்குள் திரவமாக இருப்பது, வெயிலில் அதன் அழுத்தம், காற்றுப் பாட்டிலின் ரெகுலேட்டர், திருகு, எல்லை. வரும் வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அத்தை நான்கைந்து இறால் உரிக்கும்வரை கேட்டார்.

"நீ பாடம் நடத்த வந்தியா, மன்னிப்புக் கேக்க வந்தியா?"

அத்தை இன்னோர் இறாலை எடுத்தார்.

"அந்த பாட்டில் எனக்கு வேணாம். கோயில்ல நான் உன்னக் கேட்டேன். நீ ஏன் கொசுன்னு சொன்ன? தங்கச்சியக் காப்பாத்தவா?"

தங்கையிடம் சொன்ன அதே பதில் தயாராக இருந்தது. ஆனால் அத்தை இறாலை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் பார்த்திருப்பார்.

"இல்ல அத்தை. பக்கத்துல மாமா என்னப் பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தாரு. நான் சரியா பாக்காம விட்டது அந்த நேரத்துல அவங்க முன்னாடி தெரியக் கூடாதுன்னு."

"அதுக்கு உன் தங்கச்சி கழுத்த விட்டுக்கொடுத்திட்ட."

"ஆமா அத்தை."

அத்தை இறால் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அலசினார். "நான் சாமியார்கிட்ட இன்னும் பேசல. சனிக்கிழமை காலைல அந்தத் தோப்புக்கு வர்றேன். என் கண்ணால பாத்துட்டு, அப்புறம் பேசணுமா வேணாமான்னு முடிவு பண்றேன். அவளையும் வரச் சொல்லு."

சனிக்கிழமை அத்தை குடை பிடித்துக்கொண்டு வந்தார். மாமா சட்டை மாற்றிக்கொண்டு, "பொன்ழூர் மதாம்" என்றார். அத்தை, "வணக்கம்" என்றார். தங்கை ஒரு படகின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னோடு ஒரே வண்டியில் வந்தாள். வழியெல்லாம் என் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்திருந்தாள்.

புதிதாக வெட்டிய வாழைத்தண்டு ஒன்றை டிரம்மின் மேல் நிறுத்தியிருந்தேன். முதலில் சரிசெய்த வேகத்தில் சுட்டுக் காட்டினேன். அத்தை கிட்டே போய்ப் பார்த்தார். சாயம்தான், தடம் பெரிதாக இல்லை.

"அன்னிக்கு இருந்த மாதிரி வை" என்றார்.

அவர் பார்க்க, திருகைத் திரும்ப உள்ளே விட்டேன். வேகமானியைக் காட்டினேன். எண்ணை அவரே வாய்விட்டுப் படித்தார். எல்லையிலிருந்து எவ்வளவு கூடுதல் என்று உடனே கழித்தும் சொன்னார். அன்றைக்கு நான் நின்ற மரத்தருகே நின்று வாழைத்தண்டைச் சுட்டேன். சத்தம் கேட்டதும் தங்கை கழுத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவள் அதை அறிந்து செய்யவில்லை. நான் பார்த்தேன். அத்தையும் பார்த்தார். அத்தைக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் போய்ப் பார்த்தார். சாயத்தைத் துடைத்தால், பட்டை வட்டமாகக் கன்றி நடுவில் அமுங்கியிருந்தது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டு, தாடையைப் பிடித்துத் திருப்பி, மஞ்சளும் பச்சையுமாக மங்கியிருந்த காயத்தையும் பார்த்தார்.

"என்மேல பயந்துதான் கொசுன்னு சொன்னியா?"

"ஆமா அத்தை."

"பயப்படு. அதுல ஒன்னும் தப்பில்ல. பொய் சொல்லாத."

பிறகு முகமூடியை வாங்கி மாட்டிக்கொண்டு, தானும் ஒரு தடவை சுட வேண்டும் என்றார். நான் வேகத்தைக் குறைத்து, அளந்து காட்டிவிட்டுக் கொடுத்தேன். வாழைத்தண்டைக் குறிவைத்தது பக்கத்துப் படகில் பட்டது. மாமா, "பிராவோ மதாம்" என்றார். "எது பிராவோ? பட்டது படகு" என்றார் அத்தை. தங்கை சிரித்தாள். நானும் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் அத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தங்கை முக்காட்டைத் தோளோடு விட்டிருந்தாள், கழுத்து தெரியும்படி. பூசை முடிந்து வெளியே வந்ததும் அத்தை எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "கொசு, இங்க வா. இந்தப் பையப் பிடி" என்றார். சுற்றி நின்றவர்களுக்குப் புரியவில்லை. மாமாவுக்குப் புரிந்தது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இப்போதைய நிலை இது. கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. மாமாவின் துப்பாக்கிகளில் ஒரு பாகமும் மாற்றவில்லை, காற்றில் நன்றாக ஓடுகின்றன. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்கள் வருவதற்கு முன் நான் போய் ஒவ்வொன்றின் வேகத்தையும் அளக்கிறேன். திருகு திருப்பும் ஆலன் கீயை மாமா என்னிடமே கொடுத்துவிட்டார், அவர் இப்போது தொடுவதில்லை. அத்தை வீட்டில் எனக்குக் கொசு என்று பெயர் நின்றுவிட்டது. அவர்கள் அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடும்போதெல்லாம் எனக்கு வேப்பமரத்தடி ஞாபகம் வருகிறது. தங்கை நன்றாகப் பேசுகிறாள், வருகிறாள், போகிறாள். முன்பெல்லாம் மிக்சி வாங்கினாலும் எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டுத்தான் வாங்குவாள். போன வாரம் அவர்கள் வீட்டுக்குக் குடிதண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் வந்திருக்கிறது. கடைக்காரரைக் கேட்டு வாங்கியிருக்கிறாள்.